ஒன்பது சென்டிமீட்டரில் நின்றுபோன உருளை: சக்கரத்தில் வனையப் பழகும் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பாடமும் சிக்கலும்

600 கிராம் களிமண்ணில் 15 செ.மீ. உயரமுள்ள நேரான உருளை ஒன்றை வனைய வேண்டும். அடித்தளம் 8 மி.மீ., சுவர் சராசரியாக 6 மி.மீ. மின்சக்கரத்தில் பழக வருபவருக்கு முதல் இரண்டு மாதத்தில் வைக்கப்படும் பாடம் இது. குவளை, ஜாடி, பூச்சாடி எல்லாம் இந்த உருளையின் பிள்ளைகள். இது நிற்காதவரை அவையும் நிற்காது.

இந்த ஆய்வில் வருபவர் நாற்பதை ஒட்டிய வயதுப் பெண்மணி, வலக்கைப் பழக்கம், மண்வேலையில் முன் அனுபவம் இல்லை. புதுச்சேரியில் ஒரு சிறு பட்டறையில் வாரம் இரண்டு வகுப்பு, வகுப்புக்கு 2 மணி நேரம், மொத்தம் எட்டு வாரம். 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்கக் குயவர்கள் இருவர் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். அதன் பிறகு, உயர்ந்த சூட்டில் சுடும் ஸ்டோன்வேர் வனைவு இந்தியாவில் வேர்பிடித்த இடங்களில் இந்த ஊர் முதன்மையானது. அதனால் நல்ல மண்ணும் நல்ல சக்கரமும் பழக்கப்பட்ட ஆசிரியர்களும் இங்கே கிடைக்கிறார்கள். இந்தக் கற்பவருக்கும் அவை எல்லாம் இருந்தன. இருந்தும் ஆறு வகுப்பு முடிந்தபோது அவருடைய உருளை 9 செ.மீ. தாண்டவில்லை.

ஒவ்வொரு முறையும் நடந்தது ஒன்றே. மண் மையத்தில் நின்றதுபோல், அதாவது ஆடாமல் சுற்றுவதுபோல், தெரியும். குழி தோண்டி முதல் ஏற்றம் (விரல்களால் சுவரை அடியிலிருந்து மேலே இழுப்பது) எடுத்ததும் வாய் ஆடத் தொடங்கும். இரண்டாவது ஏற்றத்தில் ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே என்று வாய் சாயும். மூன்றாவதில் வாய்க்குக் கீழே இரண்டு விரல் தள்ளிச் சுவர் கிழியும். கிழியாவிட்டால் முழுக்க முறுக்கிக்கொண்டு உட்காரும். தனக்குக் கையில் பலம் போதவில்லை என்றும், மேலே வரும்போது விரல் நடுங்குவதே காரணம் என்றும் அவர் நம்பினார். புதிதாகப் பழகுபவர்களில் பெரும்பாலோர் சொல்வது இதுதான், ஏனென்றால் உடைவது வாயில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

சக்கரவேலையில் பிழை தெரியும் இடம் வேறு, பிறந்த இடம் வேறு. வாயில் தெரிவது அடியில் பிறந்திருக்கும். அடியில் தெரிவது பிசையும் பலகையில் பிறந்திருக்கும். ஆகவே ஏழாவது வகுப்பிலிருந்து வாயைச் சரிசெய்யும் முயற்சியை நிறுத்திவிட்டு, ஒரு படி ஒரு படியாகப் பின்னோக்கிப் போனார்கள்.

அறுத்துப் பார்த்ததில் தெரிந்தவை

முதல் வேலை, வனைந்ததைக் காப்பாற்றாமல் அறுப்பது. உருளையைச் சக்கரத்தட்டிலேயே வைத்து, அறுக்கும் கம்பியை வாயின் நடுவில் வைத்து நேராகக் கீழே இழுத்தால் இரண்டு பாதியாகப் பிரியும். ஒரு பாதியைத் தள்ளிவிட்டு மற்றதன் வெட்டுமுகத்தைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். புதியவருக்கு நூறு வார்த்தை சொல்லிப் புரியாதது இந்த வெட்டுமுகத்தில் ஒரு நொடியில் புரியும்.

அவருடைய உருளையின் வெட்டுமுகம் ஒரு கனத்த ‘ப’ எழுத்துபோல் இருந்தது. அடித்தளம் 14 மி.மீ. தடிமன். தளமும் சுவரும் சேரும் மூலையில் உள்பக்கம் மண் சரிவாகத் தேங்கி, முக்கோணமாக உறைந்திருந்தது. சுவரின் அடிப்பகுதி 12 மி.மீ., வாய் 4 மி.மீ. வெளிப்பக்கத்தில் விரல் தடம் அகன்ற திருகுபோல் ஏறியிருந்தது. தடங்களுக்கு இடையில் தொடப்படாத மேடுகள். வாய்க்குக் கீழே சுவர் ஒரு பக்கம் 3 மி.மீ., எதிர்ப்பக்கம் 6 மி.மீ. கிழிந்தது அந்த 3 மி.மீ. பக்கம்தான்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஈரக் களிமண்ணின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.9 முதல் 2 கிராம். 600 கிராம் என்றால் சுமார் 310 கன செ.மீ. மண்கூழாகக் கையோடு போவது 25 முதல் 30 வரை. 10 செ.மீ. விட்டமும் 14 மி.மீ. தடிமனும் உள்ள அடித்தளம் மட்டும் 110 கன செ.மீ. விழுங்கிவிடுகிறது. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட மண் தளத்திலேயே கிடக்கிறது. எஞ்சியதில் பாதிக்கு மேல் சுவரின் கீழ்ப்பாதியில். மேலே எழும்ப மண்ணே இல்லை. இருந்த கொஞ்சத்தை மேலும் மேலும் இழுத்ததால் வாய் மெலிந்து கிழிந்தது. விட்டத்தை 9 செ.மீ., தளத்தை 8 மி.மீ. ஆக வைத்திருந்தால் தளத்துக்கு 51 கன செ.மீ. போதும், மிச்சம் 230-க்கு மேல் சுவருக்குக் கிடைக்கும், 6 மி.மீ. சுவர் 15 செ.மீ. வரை எழும். பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் தளம் ஏன் அவ்வளவு தடிமனாக இருந்தது? சுவர் ஏன் ஒரு பக்கம் மெலிந்தது? அதற்கு இன்னும் பின்னால் போக வேண்டியிருந்தது.

பிசையும் பலகையில்

பட்டறைகளில் புது மண்ணோடு பழைய வெட்டுத்துண்டுகளை ஊறவைத்து மீட்ட மண்ணையும் சேர்த்துப் பயன்படுத்துவது வழக்கம். அதில் தவறில்லை, மீட்ட மண் சில சமயம் புதியதைவிட இணக்கமாகவும் இருக்கும். இங்கே மீட்ட மண் சற்று இறுகியிருந்தது, புது மண் இளகியிருந்தது, இரண்டும் அரைகுறையாகவே கலந்திருந்தன. பிசைந்து முடித்த உருண்டையைக் கம்பியால் குறுக்கே அறுத்தபோது வெட்டுமுகத்தில் இருண்ட கோடுகளும் வெளிறிய கோடுகளும் வரிவரியாகத் தெரிந்தன. கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு இடம் குழிந்தது, பக்கத்து இடம் எதிர்த்தது. இரண்டு மூன்று காற்றுப்பொக்குகளும் இருந்தன.

இப்படிப்பட்ட உருண்டை சக்கரத்தில் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கட்டி கையில் ஒரு முறை ‘டொக்’ என்று இடிக்கும். மண் மையத்தில் இல்லை என்று கை நினைத்துக்கொள்ளும். உண்மையில் மண் மையத்துக்கு வந்தே இருக்கும். கட்டியின் இடிப்பைத் துரத்திக்கொண்டு கை மேலும் அழுத்த, மையத்தில் இருந்ததும் விலகிப்போகும். கற்பவர் மூன்று வாரம் துரத்திக்கொண்டிருந்தது பெரும்பாலும் இந்த இடிப்பைத்தான்.

மாற்றியது: வெட்டி அறைந்து பிசைவது. மண்ணைக் கம்பியால் பாதியாக அறுத்து, ஒரு பாதியை மற்றதன்மேல் ஓங்கிப் போட்டு, திரும்ப அறுப்பது. ஒவ்வொரு முறையும் அடுக்குகள் இரட்டிக்கின்றன. 10 முறையில் 1,024 அடுக்கு, 20 முறையில் 10 லட்சத்துக்கும் மேல். 20 முறை போதும், இரண்டு நிறமும் ஒன்றாகிவிடும். அதற்குப் பிறகு இரு உள்ளங்கையாலும் முன்னே தள்ளி, உருட்டித் தன்பக்கம் கொண்டுவந்து, மீண்டும் தள்ளும் பிசைவு 40 முறை. இதில் மண்ணை மடிக்கக் கூடாது. மடித்தால் மடிப்புக்குள் காற்று அடைபடும். சப்பாத்தி மாவு பிசைந்த கைக்கு இந்தப் பழக்கம் போக நாளாகும், மடிப்பது அதற்கு ஊறிப்போன வழக்கம்.

பதம் பார்க்க எளிய வழி: விரல் தடிமனில் ஒரு திரி உருட்டி விரலைச் சுற்றி வளைக்க வேண்டும். வெடித்தால் மண் காய்ந்திருக்கிறது. வளைந்து, விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் இளகியிருக்கிறது. வெடிக்காமல் வளைந்து, ஒட்டாமல் கழன்று வந்தால் சரி. புதியவருக்கு நடுப்பதத்தைவிட ஒரு துளி இளகிய மண் நல்லது. மையத்துக்குக் கொண்டுவரக் குறைந்த அழுத்தம் போதும். மிக இளகினால் ஏற்றத்தில் உட்கார்ந்துவிடும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

உட்காரும் விதம்

இரண்டாவது காரணம் மண்ணில் இல்லை, முக்காலியில் இருந்தது. அவர் உட்கார்ந்த முக்காலி சக்கரத்தட்டைவிட 8 செ.மீ. உயரமாக இருந்தது. உயரத்தில் உட்கார்ந்தால் கை மேலிருந்து தொங்கும். முழங்கைக்கு ஊன்ற இடம் கிடைக்காது. தோளால்தான் தள்ள வேண்டும். தோள் களைத்ததும் கை மண்ணோடு சேர்ந்து ஆடத் தொடங்கும்.

மையத்தில் நிறுத்துவதன் சூட்சுமம் முழுவதும் இங்கேதான். கை அசையாமல் நின்றால், சுற்றி வரும் மண்ணின் துருத்திய பக்கம் மட்டும் வந்து கையில் மோதும், ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் உள்ளே போகும். கை மண்ணோடு ஆடினால் துருத்தல் துருத்தலாகவே இருக்கும், கை அதற்கு வழிவிட்டுக்கொண்டே இருக்கும். பட்டறையில் மண் மிதித்துக் கொடுக்கும் இளைஞர், குயவர் குடும்பத்துப் பிள்ளை, இதை இரண்டு வரியில் சொன்னார்: “அக்கா, நீங்க மண்ணத் தள்ளாதீங்க. கைய ஒரு கட்ட மாதிரி வெச்சுடுங்க, மண்ணு தானா வந்து இடிச்சு அடங்கும்.”

முக்காலி தட்டைவிட 2 செ.மீ. மட்டும் உயரும்படி மாற்றப்பட்டது. முக்காலியின் பின்கால்களின் கீழ் ஒரு பலகைத் துண்டு வைத்து, உடல் சற்று முன்னே சாயும்படி செய்யப்பட்டது. பெடல் மிதிக்கும் வலக்கால் சற்று உயர்ந்திருப்பதால், இடக்காலின் கீழ் ஒரு செங்கல். இப்போது இரண்டு முழங்காலும் ஒரே மட்டம். இடது முழங்கை தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் அழுந்தி நிற்கும். தள்ளுவது தோளின் வேலையாக இல்லாமல், உடல் எடை முன்கை வழியாக மண்ணுக்குப் போகும். இடது உள்ளங்கையின் அடிப்பகுதி பக்கவாட்டில், வலக்கையின் ஓரம் மேலே, இரண்டு கட்டைவிரலும் ஒன்றையொன்று தொட்டபடி. இரு கையும் ஒன்றோடொன்று கோத்திருந்தால் ஒரு கையின் நடுக்கத்தை மற்றது அடக்கும்.

வலக்கைக்காரருக்குச் சக்கரம் இடஞ்சுழியாகச் சுற்றுவது பெரும்பாலான மின்சக்கரப் பட்டறைகளின் வழக்கம். ஜப்பானில் வலஞ்சுழியாகச் சுற்றிப் பழகியவர்கள் நிறைய. திசை எதுவானாலும் சரி, ஆனால் பழகும் காலத்தில் மாற்றக் கூடாது.

ஒட்டுதலும் மையமும்

மூன்றாவது காரணத்தைப் பிடிக்கச் சற்று நேரம் எடுத்தது. மேலே மண் அசையாமல் சுற்ற, தட்டை ஒட்டிய கடைசி ஒரு செ.மீ. மட்டும் பாவாடைபோல் ஒரு பக்கம் விரிந்து ஆடிக்கொண்டிருந்தது. கண் மேலேயே இருப்பதால் அது தெரியவில்லை. பிறகு சுவர் எழும்போது அந்தப் பாவாடையிலிருந்துதான் மண் மேலே வருகிறது. ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் வரும். 3 மி.மீ.-க்கும் 6 மி.மீ.-க்கும் உள்ள வேறுபாடு இங்கிருந்து கிளம்பியது.

மண்ணைப் போடும்போது தட்டு நனைந்திருந்ததும் ஒரு காரணம். தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது. வெறும் ஈரத்துணியால் துடைத்த ஈரம் போதும். உருண்டையின் அடி குவிந்திருக்க வேண்டும், தட்டையாக இருந்தால் காற்று அடைபடும். ஒரு சாண் உயரத்திலிருந்து நடுவில் அறைந்து போட்டு, சக்கரம் நின்றிருக்கும்போதே இரண்டு கையாலும் சுற்றித் தட்டி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு விளிம்பைக் கட்டைவிரலால் தட்டோடு தேய்த்து அடைக்க வேண்டும். அதற்குப் பிறகே தண்ணீர். சக்கரம் சுற்றும்போது அடிப்பாவாடையை இடக்கையின் சுண்டுவிரல் ஓரத்தால் உள்ளே தள்ள வேண்டும், அல்லது மரக்கத்தியால் சீவி எடுத்துவிட வேண்டும்.

மண்ணைக் கூம்பாக உயர்த்தி மீண்டும் அமுக்குவது மூன்று முறை. உயர்த்தும்போது அழுத்தம் அடியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணிய தகடுகள். இந்த ஏற்ற இறக்கத்தில் அவை சுழற்சியோடு ஒழுங்காகப் படிகின்றன, மண்ணின் ஈரமும் ஒரே சீராகிறது. அமுக்கும்போது ஒரு எச்சரிக்கை: மேலிருந்து மட்டும் அழுத்தினால் உச்சி காளான் குடைபோல் விரிந்து, குடையின் அடியில் கூழும் காற்றும் சிக்கும். உச்சியை அமுக்கும் அதே வேளையில் இடக்கை பக்கவாட்டில் காவல் நிற்க வேண்டும்.

மையம் வந்ததா என்பதைக் கண்ணால் நம்பக் கூடாது. ஈர மண் பளபளப்பதால் ஆடுவது தெரியாது. ஊசி முனையை மண்ணுக்கு மிக அருகில் அசையாமல் பிடித்து மெல்ல நெருக்கினால், கீறல் முழு வட்டமாக விழுந்தால் மையம். பிறைபோல் பாதி வட்டம் விழுந்தால் இன்னும் இல்லை. பிறை விழுந்த பக்கமே துருத்திய பக்கம்.

கையை எடுப்பதும் ஒரு வேலைதான். இவர் மையம் கிடைத்த மகிழ்ச்சியில் கையை வெடுக்கென்று எடுப்பார். அந்த ஒரு நொடியில் மண் மீண்டும் விலகும். சக்கரம் மூன்று சுற்று சுற்றும்வரை கை படிப்படியாக இளக வேண்டும். எந்த இடத்திலும் இதே விதிதான், வைப்பதும் மெதுவாக, எடுப்பதும் மெதுவாக.

ஏழாவது, எட்டாவது வகுப்பு முழுவதும் மையம் மட்டுமே. ஒரு வகுப்புக்கு 20 உருண்டை, ஒவ்வொன்றும் 500 கிராம். மையத்தில் நிறுத்தி, ஊசியால் சோதித்து, அறுத்து எடுத்து அடுத்தது. எதையும் வனையவில்லை. சலிப்பான வேலை என்று தோன்றலாம், ஆனால் இந்த 40 உருண்டைதான் பிறகு நடந்த அத்தனைக்கும் அடிப்படை.

வேகம்

மின்சக்கரத்துப் பெடல் புதியவருக்கு ஒரு சிறு துரோகம் செய்கிறது. தமிழ்நாட்டுக் கிராமத்துக் குயவர் பயன்படுத்திவந்த கனத்த சக்கரம் ஒரு முளையின்மேல் நிற்கும், கோலால் சுழற்றிவிடுவார்கள். சுழற்றிய உடனே வேகம் உச்சத்தில் இருக்கும், அப்போது மண் மையத்துக்கு வரும். சுவர் எழும் நேரத்தில் சக்கரம் தானாகவே தளர்ந்திருக்கும். வாயைச் சீராக்கும்போது இன்னும் மெதுவாகும். எந்த வேலைக்கு எந்த வேகம் என்பதைச் சக்கரமே சொல்லிக்கொடுத்தது. பெடலுக்கு அந்த ஞானம் இல்லை, கால் அழுத்தியபடியே ஓடும்.

இவர் மையத்துக்கு வைத்த 180 சுற்று வேகத்திலேயே ஏற்றமும் எடுத்துக்கொண்டிருந்தார். வெளிநோக்கித் தள்ளும் விசை வேகத்தின் இருமடிப்படி வளர்கிறது. நிமிடத்துக்கு 180-இல் இருந்து 90-க்கு இறக்கினால் அது நான்கில் ஒன்றாகும். வாய் கிண்ணம்போல் விரிவதற்கு அந்த விசைதான் காரணம். மையத்துக்கு 150 முதல் 200, குழி தோண்ட 100 முதல் 120, ஏற்றத்துக்கு 70 முதல் 90, வாயைச் சீராக்க 50 என்று வேகம் இறங்கிக்கொண்டே வர வேண்டும்.

ஐந்தாவது வகுப்பில் ஆசிரியர் சொல்லி அவர் வேகத்தைக் குறைத்திருந்தார், ஆனால் கையின் வேகத்தைக் குறைக்கவில்லை. 80 சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு முக்கால் நொடி. 9 செ.மீ. சுவரை அவர் 4 நொடியில் ஏறினார். அதற்குள் சக்கரம் சுற்றியது ஐந்து தடவைக்குச் சற்றே அதிகம். ஒரு சுற்றுக்குக் கை 1.7 செ.மீ. மேலே போகிறது, விரல்நுனியின் அகலமோ 1 செ.மீ. தான். நடுவில் 7 மி.மீ. அகலத்துக்கு விரல் படாத மேடு. வெட்டுமுகத்தில் பார்த்த திருகுத்தடம் இதுதான். ஒரு சுற்றுக்கு ஒரு விரல்நுனி அகலத்துக்குக் குறைவாக ஏறினால் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும். 12 செ.மீ. உயரத்துக்கு 9 நொடியாவது வேண்டும். ஆரம்பத்தில் வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறச் சொன்னார்கள், அது உதவியது.

குழி, தளம், ஏற்றம்

தளம் 14 மி.மீ. ஆனதற்குக் காரணம் பயம். தட்டுவரை ஓட்டை விழுந்துவிடும் என்று அவர் சீக்கிரம் நிறுத்திக்கொண்டார். இதற்கு ஊசி போதும். சக்கரத்தை நிறுத்தி, நடுவில் ஊசியைத் தட்டுவரை குத்தி, விரல்நுனியை ஊசி வழியே மண் மட்டம்வரை இறக்கி, அப்படியே வெளியே எடுத்தால் விரலுக்குக் கீழே உள்ள நீளமே தளத்தின் தடிமன். அடியில் வளையம் சீவி எடுக்கப்போவதால் 8 மி.மீ., சீவாமல் விடுவதாக இருந்தால் 5 மி.மீ. துளை தானாக அடைபட்டுவிடும். முதல் பத்து உருளைக்கு ஒவ்வொன்றிலும் குத்திப் பார்த்தார். அதற்குப் பிறகு விரலே அளவு சொன்னது.

குழியை அகலப்படுத்தும்போது, நடுவிலிருந்து ஓரத்துக்கும் ஓரத்திலிருந்து நடுவுக்கும் விரல்களால் தளத்தை அழுத்திப் படியவைக்க வேண்டும், நான்கு முறை. இதை அவர் ஒரு முறை செய்துவிட்டுப் போனார். அதன் விலை அப்போது தெரியவில்லை, உலரும்போது தெரிந்தது. அது பின்னால் வருகிறது.

ஏற்றத்தில் முதல் ஏற்றம்தான் எல்லாம். வெளிக்கையின் ஆட்காட்டி விரல் முட்டியைத் தட்டு மட்டத்தில் வைத்து, அடியில் ஒரு பள்ளம் விழும்வரை உள்ளே அழுத்த வேண்டும். அந்தப் பள்ளத்துக்கு மேல் ஒரு தடித்த வளையம் எழும். உள்ளே இருக்கும் இடக்கை விரல்நுனி அதே மட்டத்தில் இருந்து, இரண்டு விரலும் சேர்ந்து அந்த வளையத்தை மேலே கொண்டுபோக வேண்டும். கற்பவரின் விரல் தட்டிலிருந்து 2 செ.மீ. மேலே தொடங்கியது. அதனால் மூலையில் இருந்த மண் அங்கேயே தங்கி, அந்த முக்கோணமானது. மேலே போகப்போக அழுத்தம் குறைய வேண்டும், வாய்க்கு அருகே வெறும் தொடுகை மட்டும். ஒவ்வொரு ஏற்றத்தின் முடிவிலும் வாயைச் சுட்டுவிரலால் மேலிருந்து லேசாக அமர்த்தினால் விளிம்பு உருண்டு இறுகும், அடுத்த ஏற்றத்தில் வெடிக்காது. நான்கு ஏற்றத்துக்கு மேல் வேண்டாம். நான்கில் எழாதது ஏழிலும் எழாது. மண் ஈரம் குடித்துத் தளர்ந்திருக்கும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரல் காய்ந்தால் சுவரைப் பிடித்து முறுக்கும், எனவே தண்ணீர் வேண்டும். இவர் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு கை தண்ணீர் ஊற்றினார்; தளத்தில் குளம் கட்டியது. கையில் வழியும் மண்கூழே நல்ல வழுக்கு, தண்ணீரைவிட நீண்ட நேரம் நிற்கும். ஓர் ஏற்றத்துக்கு ஒரு முறை விரலை நனைத்தால் போதும் என்று வரம்பு வைக்கப்பட்டது. தளத்தில் தேங்கியதை ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும்.

வளர்ச்சியும் ஒரு சறுக்கலும்

ஒன்பதாவது வகுப்பில் மீண்டும் உருளை. முதல் மூன்றும் 11 செ.மீ. வந்தன. பத்தாவதில் 12. அறுத்துப் பார்த்தபோது தளம் 9 மி.மீ., அடிச்சுவர் 9, வாய் 5. மூலை முக்கோணம் பாதியாகியிருந்தது.

பதினோராவது வகுப்பில் திரும்பவும் 9 செ.மீ. அன்று அவர் வருத்தத்தோடு வீட்டுக்குப் போனார். அன்று மட்டும் பிரித்த புது மூட்டை மற்றதைவிட இறுகலாக இருந்தது. திரி சோதனை செய்யாமல் நேராகப் பலகைக்குப் போயிருந்தது. மறுநாள் அந்த மூட்டையைக் கம்பியால் மெல்லிய வில்லைகளாக அறுத்து, ஒவ்வொரு வில்லைக்கும் இடையில் தண்ணீர் தெளித்து, அடுக்கி, ஈரத்துணி சுற்றி இரவு முழுக்க வைத்துப் பிறகு பிசைந்தார்கள். பன்னிரண்டில் 12 செ.மீ. மீண்டது. பதினான்காவது வகுப்பில் 15 செ.மீ. உருளை ஒன்று நின்றது. அன்றே இன்னும் இரண்டு.

உலரும்போதும் சூட்டிலும்

நின்ற உருளைகளில் எட்டு, சுடுவதற்காக எடுத்து வைக்கப்பட்டன. தோல் பதம் (பாதி உலர்ந்து, தொட்டால் அமுங்காத நிலை) வந்து, கவிழ்த்து, அடியைச் சீவி, முழுக்க உலரவிட்ட பிறகு மூன்றின் அடியில் விரிசல். நடுவில் தொடங்கி இரு பக்கமும் வளைந்து, கிடத்திய பாம்புபோல் ஓடியது. தளத்தை அழுத்திப் படியவைக்காததன் விலை இதுதான். ஏற்றத்தில் சுவர் நன்றாக அழுத்தப்பட்டு இறுகுகிறது. தளத்தின் நடு அப்படியே தளர்ந்து கிடக்கிறது, தேங்கிய தண்ணீரையும் குடித்திருக்கிறது. உலரும்போது அது அதிகம் சுருங்குகிறது, முன்பே உலர்ந்துவிட்ட சுவர் விட்டுக்கொடுப்பதில்லை. விரிசல் வளைந்து ஓடுவதற்குக் காரணம், சுழற்சியில் துகள்கள் திருகலாகப் படிந்திருப்பது.

மின்விசிறிக் காற்று நேரே பட்டதும் சேர்ந்துகொண்டது. கடலோரக் காற்றில் ஈரம் இருந்தாலும், விசிறியின் கீழ் வாய் மட்டும் அரைநாளில் வெளிறிவிடும், தளம் சேறாகவே இருக்கும். அடுத்த முறை வாய் தோல் பதத்துக்கு வந்ததும் கவிழ்த்து வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, இரண்டு நாள் பொறுத்து அடியைச் சீவினார்கள். தளத்தில் நான்கு முறை அழுத்தம் தவறாமல் நடந்தது. அந்த வரிசையில் விரிசல் வரவில்லை.

சீவும்போது ஒன்று ஓட்டையானது. தட்டினால் வரும் ஒலியைக் கேட்கப் பழகினால் இதைத் தவிர்க்கலாம்: தளம் மெலியும்போது ஒலி ‘தொம்’மிலிருந்து ‘டங்’குக்கு மாறும். மாறத் தொடங்கிய இடத்தில் நிறுத்த வேண்டும்.

முதல் சூடு 950 டிகிரி. 120 டிகிரியைத் தாண்டும்வரை சூளை மிக மெதுவாக ஏற வேண்டும், எஞ்சிய ஈரம் ஆவியாகி வெளியேறும் நேரம் அது. அவசரப்பட்டால் தடித்த அடி வெடிக்கும். 573 டிகிரியில் குவார்ட்ஸ் படிகங்கள் திடீரென்று உருமாறுவதால் அங்கேயும், ஏறும்போதும் இறங்கும்போதும், நிதானம் வேண்டும். பிறகு கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மேற்பூச்சு) பூசி 1280 டிகிரி.

சூளை பிரித்தபோது 15 செ.மீ. உருளை 13.2 செ.மீ. ஆகியிருந்தது, மொத்தச் சுருக்கம் 12 விழுக்காடு. வாய் வட்டமாகவே இருந்தது. அடிச்சுவர் இன்னும் 1 மி.மீ. கனம், கையில் எடுத்தால் அடி இழுப்பது தெரிகிறது. அடுத்த பாடமாக அதே 600 கிராமில் 17 செ.மீ. உயரம் வைக்கப்பட்டிருக்கிறது. முதல் ஐந்து உருளையை அறுப்பதற்காகவே வனைய வேண்டும் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.